முதுகுக்குப் பின்னால் எரிந்த வெளிச்சம்

படமாளிகை வேலையைப் பற்றிப் பேசும்போது 'திரைக்குப் பின்னால்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். நாடகக் கொட்டகையிலிருந்து வந்த பேச்சு அது. சினிமாவில் திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டியும் சுவரும்தான் இருக்கும். வேலை நடந்த இடம் எதிர்ப்பக்கம். பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னால், அவர்கள் தலைக்கு மேலே, தனிப் படியேறிப் போகவேண்டிய ஒரு சின்னக் கொங்கிறீட் அறை. கீழே கலரியிலும் பால்கனியிலும் இருந்த அத்தனை பேரும் திரையைப் பார்த்திருக்க, ஒருவரும் திரும்பிப் பார்க்காத அந்த அறையில் ஒப்பரேட்டர் கரிக்குச்சிகளை எரித்துக்கொண்டிருந்தார். படம் நின்றுபோனால் மட்டும் எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பும்; விசில் பறக்கும்.

ஹட்டன், நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை என்று இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழ்ந்த நகரங்களில் அந்த அறையில் நடந்த உழைப்பை எழுத முயல்கிறேன். மலையக மக்களும் சினிமாவும் என்று எடுத்தால் பெரும்பாலும் நடிகர்களைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது. எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17 அன்று கண்டிப் பக்கம் பிறந்தவர், அதுவும் நாவலப்பிட்டியில் என்று மலையகத்தார் உரிமையோடு சொல்வார்கள். அந்த உரிமை எனக்கும் உண்டு, விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த முகத்தை இரவுக்கு இரவு சுவரில் நிறுத்தியவர்களின் வேலை என்ன, அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், மலையும் மழையும் தோட்டத்துச் சம்பளநாளும் அந்த வேலையை எப்படி வளைத்தன என்ற கேள்விகள் ஒதுங்கியே கிடக்கின்றன.

இதற்கு நான் நம்பும் முதல் சாட்சி இயந்திரம். 35 மில்லிமீற்றர் புரொஜெக்டர் ஒன்று உலகத்தின் எந்த மூலையில் ஓடினாலும் ஒரே மாதிரியான கையையும் கண்ணையும் கேட்டது. அந்தக் கேள்வியோடு மலையகத்தின் தட்பவெப்பத்தையும் தோட்டத்தின் நாள்காட்டியையும் சேர்த்துப் படித்தால், ஒப்பரேட்டரின் நாள் எப்படிக் கழிந்தது என்பது பெருமளவு தெளிவாகிவிடும்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறேன்.

1912இல் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டி நுவரெலியா நகருக்கு மின்சாரம் கொடுத்தார். மலையாறுகளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் அவர் கட்டுரை வாசித்தார். அந்தக் கனவு ஹட்டனுக்கு அருகே, நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டுக்குக் கீழே லக்ஷபானவில் நனவாக 1950 ஆனது. முதல் கட்டத்தில் கிடைத்தது 25 மெகாவாட். பின்பு காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும் எழுந்தன. மவுசாக்கலைத் தண்ணீருக்குள் பழைய மஸ்கெலியா நகரமே போய்விட்டது. வறட்சியில் தண்ணீர் வற்றும்போது கோயிலின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. மலையில் பிறந்த மின்சாரம் கம்பி வழியாகக் கொழும்புக்கு இறங்கியது. அந்த ஆறுகளின் கரையில் தொழிலாளர் குடியிருந்த லயங்களிலோ பல பத்தாண்டுகளுக்குக் குப்பிவிளக்குதான் எரிந்தது. தேயிலை ஃபெக்டரிக்குக் கரண்ட் இருக்கும், துரை பங்களாவுக்கு இருக்கும். லைன் காம்பராவுக்கு இராது.

அப்படியொரு காம்பராவிலிருந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு நகருக்கு நடந்துவந்து, கலரி டிக்கட் எடுத்து, இருட்டில் உட்கார்ந்தவருக்கு முன்னால் விழுந்த வெளிச்சம் எத்தகையது? காபன் ஆர்க் விளக்கில் இரண்டு கரிக்குச்சிகளின் நுனிகளைத் தொடவைத்துச் சற்றே விலக்கினால் இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து நேர்க்குச்சியின் நுனியில் ஒரு குழி விழும். அந்தக் குழியின் வெப்பம் 3,500 பாகை செல்சியஸைத் தாண்டும். வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. உலோகம் ஒட்டுபவர் வைத்திருப்பதைப் போன்ற கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எதிலும் அதற்கு ஈடான விளக்கு இருந்திருக்காது. அந்த விளக்கைக் கையாண்டவரோ மாதச் சம்பளக்காரர், நகரத்தின் எந்த விழா மேடையிலும் ஏறாதவர்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தேயிலையும் சினிமாவும் ஒரே ஊரில் சந்தித்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. அதை விட்டுவிட மனம் வரவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவதை ஒழுங்கு செய்ய அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் 1904இல் தன் தலைமை அலுவலகத்தைத் திருச்சிராப்பள்ளியில் வைத்தது. அடுத்த ஆண்டே, 1905இல், அதே திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், து பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படம்காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பினார். தென்னிந்தியாவின் ஊர்சுற்றும் சினிமா அவரோடுதான் தொடங்குகிறது என்பார்கள். 1914இல் அவர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அதே 1914இல்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கி, ஆட்களை மலைக்குக் கொண்டுவருவது எளிதாயிற்று. ஒரே ஊர், ஒரே ரயில்வே உலகம், ஒன்றையொன்று அறியாத இரண்டு பயணங்கள். ஆள் திரட்டிய கங்காணியின் பின்னே கடல் கடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிற்காலத்தில் மலைநகரங்களில் பார்த்த சினிமா, அவர்கள் விட்டுவந்த மாவட்டங்களில் அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது.

வின்சென்டின் வாழ்க்கையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. படம் காட்டியவர் மின்சாரத்தையும் தாமே உண்டாக்க வேண்டியிருந்தது. எண்ணெய் எஞ்சினும் டைனமோவும் அவருடைய கருவியின் பகுதிகளே. சிறுநகரப் படமாளிகையில் பிற்காலம் வரை ஒப்பரேட்டரின் வேலையோடு எஞ்சின் பார்ப்பவரின் வேலையும் ஒட்டிக்கொண்டே வந்ததற்கு இதுதான் வேர்.

இலங்கையில் படமாளிகைத் தொழிலைக் கம்பனியாக நிறுத்தியவர் சிற்றம்பலம் கார்டினர். அவருடைய சிலோன் தியேட்டர்ஸ் 1928இல் தொடங்கியது. பின்பு கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிடெட் வந்தது. இவர்களின் வரலாற்றை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது பெட்டி.

படப்பெட்டி என்றால் எவ்வளவு பாரம்? 35 மில்லிமீற்றர் ஃபிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு படச்சட்டங்கள். விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. மூன்று மணி நேரத் தமிழ்ப்படம் 16,200 அடி, அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் நீளம். அதில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். டப்பாக்களோடு நிறுத்துப் பார்த்தால் நாற்பது கிலோ வரும், ஒரு சிப்பம் தேயிலையின் பாரம் என்று வைத்துக்கொள்ளலாம். மலைக்கு ரயில் பாதை வந்ததே முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும்தான். நாவலப்பிட்டிக்கு 1874இல், ஹட்டனுக்கு 1884இல், நானுஓயாவுக்கு 1885இல் ரயில் வந்தது. தேயிலைப் பெட்டி கீழே இறங்கிய அதே மலைச்சரிவில்தான் படப்பெட்டி மேலே ஏறியது. ஹட்டனைத் தாண்டிப் போக வேண்டிய பெட்டி சிங்கமலைச் சுரங்கத்தையும் கடக்க வேண்டும். மலைச்சரிவு மண் சரிந்து பாதை மூடினால் பெட்டி வராது. பெட்டி வராவிட்டால் ஒட்டிய போஸ்டர் பொய்யாகிவிடும்.

சென்னையில் அச்சான பிரதி ஒன்று கொழும்பில் ஓடி, மற்றப் பெரிய நகரங்களைச் சுற்றி, மலைநகரத்துக்கு வந்துசேரும்போது எந்த நிலையில் இருக்கும் என்பதுதான் ஒப்பரேட்டரின் முதல் கவலை. ஃபிலிமின் இரு ஓரங்களிலும் உள்ள துளைகள் கிழிந்திருக்கும். ஒட்டுகள் விட்டுக்கொடுக்கும் நிலையில் இருக்கும். ஒவ்வொரு கிழிசலுக்கும் ஓரிரு சட்டங்களையாவது வெட்டியெறிந்துவிட்டுத்தான் ஒட்ட முடியும். பல ஊர் கண்ட பிரதியில் ஒரு வசனத்தின் கடைசிச் சொல் இருக்காது, ஒரு பாட்டின் நடுவில் துள்ளல் இருக்கும். செங்குத்தான கீறல்கள் திரை முழுவதும் இறங்கும்; 'படத்திலும் மழை' என்பார்கள். கொழும்பில் பார்த்த படமும் மலையில் பார்த்த படமும் பெயரளவில்தான் ஒன்று. சில நிமிடம் குறைந்த, மழை விழுந்த படத்தைத்தான் மலையகம் பார்த்தது. ஆனாலும் அது பாதியில் அறுந்துவிடாமல் ஓடி முடிந்தது என்றால் பகல் முழுக்க ஒருவர் அதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

அந்தப் பகல் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெட்டி வந்ததும் ரீல்களை ஒவ்வொன்றாகச் சுற்று மேசையில் ஏற்றி, ஒரு கையால் கைப்பிடியைச் சுழற்றியபடி, மறுகையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஃபிலிமின் ஓரத்தை ஓடவிடுவார்கள். கண் பார்ப்பதற்கு முன் விரல் கண்டுபிடித்துவிடும். ஒரு துளை கிழிந்திருந்தாலும் விரலில் இடறும். இடறிய இடத்தில் நிறுத்தி, கத்தரித்து, பிளேடால் மேற்பூச்சைச் சுரண்டி, பசையிட்டு, அழுத்திப் பிடித்து ஒட்டுவார்கள். சுரண்டல் போதாவிட்டால் பசை பிடிக்காது. கூடினால் அந்த இடம் மெலிந்து அறும். இந்த வேலை பெரும்பாலும் உதவிக்கு வந்த பையனுக்குத்தான் முதலில் கிடைக்கும். விரல் பழகிய பிறகுதான் அவனை இயந்திரத்தின் பக்கம் விடுவார்கள்.

கொழுந்தெடுக்கும் பெண் இலையைப் பார்த்துப் பறிப்பதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எந்த இடத்தில் ஒடியும் என்பதை விரல் அறியும். கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். தோட்டத்திலும் படமாளிகையிலும் கூலி கொடுத்தவர்கள் இதைக் கைப்பழக்கம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். அது அறிவு. ஆண்டுக்கணக்கில் சேர்த்த அறிவு. அதை அறிவென்று கணக்கில் எடுக்காததால்தான் அதற்குக் கூலி குறைந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

மாலையில் கரி வேலை. நேர்க்குச்சியும் எதிர்க்குச்சியும் ஒரே வேகத்தில் எரிவதில்லை. எரிய எரிய இடைவெளி கூடும். கூடினால் வெளிச்சம் தடுமாறித் திரையில் நிறம் மாறும். நெருங்கினால் நுனிகள் ஒட்டிக்கொள்ளும். சில விளக்குகளில் குச்சியை நகர்த்தச் சிறு மோட்டார் உண்டு. பழைய விளக்குகளில் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன அரங்குக்கே 40, 50 அம்பியர் நேரோட்ட மின்சாரம் தேவை. நகர மின்சாரம் ஆடலோட்டமாக வருவதால் அதை மாற்றித்தர ரெக்டிஃபயர் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். புகையும் செப்புத் தூசும் புகைபோக்கி வழியே போகும், போகாதது நெஞ்சுக்குள் இறங்கும். வெளியே பதினாறு பாகைக் குளிரில் நுவரெலியா நடுங்கும்போது உள்ளே ஒப்பரேட்டர் பனியனோடு வியர்த்துக் கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்து அந்த வியர்வையோடு பனிக்குள் இறங்கி நடக்க வேண்டும். அந்தத் தொழிலில் சளியும் இருமலும் எங்கிருந்து வந்தன என்று வைத்தியரைக் கேட்க வேண்டியதில்லை.

கரிக்குச்சி இறக்குமதிச் சரக்கு. அந்நியச் செலாவணிப் பஞ்சத்தால் 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்ட காலத்தில், எரிந்து மிஞ்சிய துண்டைக்கூட எறிய மனம் வந்திருக்காது. துண்டைத் துண்டோடு கோத்து எரிப்பதற்கு ஒரு சின்னக் கருவி உலகெங்கும் புழக்கத்தில் இருந்தது. குச்சிகளில் ஈரம் ஏறினால் வெடித்துப் பொரியும் என்பதால் விளக்குக் கூண்டின் மேலேயே அவற்றை அடுக்கிக் காயவைப்பது ஒப்பரேட்டர்களின் வழக்கம். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் நாட்டில் அது எத்தனை அவசியமான வழக்கம்!

ஈரம்தான் மலையகப் படமாளிகையின் தனிப்பகை. ஃபிலிமின் மேற்பூச்சு விலங்குப் பசையால் ஆனது. ஈரத்தை உறிஞ்சி உப்பும், பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. குளிர்ந்த லென்ஸில் அறையின் சூடு பட்டால் ஆவி படரும், படம் மங்கும். வைகாசி தொடங்கித் தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தகரக்கூரை மேல் விழும் மழைச்சத்தத்தில் வசனம் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் ஒலிபெருக்கி இரையும், குறைத்தால் கலரி இரையும். இரண்டுக்கும் நடுவே கையை வைத்துக்கொண்டு அவர் நிற்க வேண்டும். கரண்ட் போய் டீசல் எஞ்சினில் ஓட்டும்போது எஞ்சின் சற்றுச் சோர்ந்தாலும் பாட்டின் சுருதி இறங்கிவிடும். பாட்டை வானொலியில் கேட்டு மனப்பாடம் செய்திருந்த கூட்டத்துக்கு அது உடனே தெரியும்.

இனி, ஆட்டம். ஒரு ரீல் ஆயிரம் அடி என்றால் பதினொரு நிமிடம். இரண்டாயிரம் அடி ரீல் என்றால் இருபத்திரண்டு நிமிடம். ஒன்று முடியும் விநாடியில் பக்கத்து இயந்திரத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். இதற்காகப் படத்தின் வலது மேல் மூலையில் இரண்டு முறை புள்ளி தோன்றும். நான்கு சட்டங்கள் மட்டும், கண்ணிமைக்கும் நேரம். முதல் புள்ளி தெரிந்ததும் இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு விநாடி கழித்து இரண்டாவது புள்ளி. அப்போது ஒரு ஷட்டரை மூடி மறு ஷட்டரைத் திறக்க வேண்டும். இடைப்பட்ட விநாடிகளில் புதிய கரி சீராக எரிகிறதா, ஒலி எந்த இயந்திரத்திலிருந்து வருகிறது என்பதையும் பார்த்திருக்க வேண்டும். இரண்டாயிரம் அடி ரீல்களில் ஓடினாலும் மூன்று மணிப் படத்துக்கு எட்டு மாற்றங்கள். நாளுக்கு மூன்று ஆட்டம் என்றால் இருபத்து நான்கு. வருடக்கணக்கில் படம் பார்த்தவர்கள்கூட அந்தப் புள்ளியைக் கண்டதில்லை. ஒப்பரேட்டர் மட்டும் வாழ்நாள் முழுவதும் படத்தின் அந்த மூலையையே பார்த்திருந்தார். கதாநாயகி அழும்போதும் அவர் கண் மூலையில்தான்.

ஒலிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒலிப்பட்டை ஃபிலிமின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். ஆனால் ஒரு சட்டத்துக்குரிய ஒலி அந்தச் சட்டத்தின் அருகில் இராது, இருபது சட்டங்கள் முன்னால் இருக்கும். படவாசலில் சட்டம் விட்டுவிட்டு நகர வேண்டும், ஒலி வாசலில் சீராக வழுக்கிப் போக வேண்டும் என்பதால் இந்த இடைவெளி. இரண்டுக்கும் நடுவே ஃபிலிமைத் தொய்வாக வளைத்து விடுவதில் அளவு தப்பினால் உதடு ஒன்று பேசும், சத்தம் வேறொன்று சொல்லும். இருட்டில், கைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நிமிடத்துக்குள் இந்த வளைவை அளந்து போட்டவர்களில் பெரும்பாலோர் இதை ஏட்டில் படித்தவர்கள் அல்லர்.

பழைய ஃபிலிமில் நெருப்பு அபாயமும் சேர்ந்தே இருந்தது. 1950களின் தொடக்கம் வரை படங்கள் நைட்ரேட் ஃபிலிமில் அச்சாயின. அது பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். அறையைக் கொங்கிறீட்டில் கட்டி, சுவர்த் துளைகளுக்கு இரும்பு மூடி போட்டு, நெருப்பு வந்தால் மூடி தானே விழும்படி அமைத்ததெல்லாம் இதனால்தான். மூடி விழுவது கீழே இருப்பவர்களைக் காக்க. மூடி விழுந்த அறைக்குள் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிவார்கள். 1988இல் வந்த 'சினிமா பாரடைசோ' என்ற இத்தாலியப் படத்தில் ஒப்பரேட்டர் கண்பார்வை இழப்பது அப்படியொரு நெருப்பில்தான். அந்தப் படமும், குஜராத்தில் எடுக்கப்பட்டு 2021இல் முதலில் திரையிடப்பட்ட 'செல்லோ ஷோ'வும் பழைய படமாளிகையை அன்போடு நினைவுகூர்கின்றன. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டிலும் ஒப்பரேட்டர் ஒரு சிறுவனின் கனவுக்கு வாசல் திறந்துவிடுபவராகவே வருகிறார். அவருடைய வேலை நேரம், கூலி, நெஞ்சுச்சளி, முதலாளியோடு அவருக்கிருந்த வழக்கு இவையெல்லாம் ஏக்கத்தின் மங்கலான வெளிச்சத்தில் கரைந்துவிடுகின்றன. தேயிலைக்காட்டை அழகான பச்சையென்று பார்த்துவிட்டுப் போகும் பயணியின் பார்வைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

1934இல் பேசில் ரைட் எடுத்த 'சாங் ஒஃப் சிலோன்' இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் உருவானது. ஆவணப்பட வரலாற்றில் பெரிய இடம் பெற்றது. தோட்டத்து உழைப்பு அப்படி வெள்ளைக்காரத் திரைக்குப் போனது. உழைத்தவர்கள் தங்களைத் தாங்களே திரையில் காண வெகுகாலம் பிடித்தது. 1963இல் 'தோட்டக்காரி' வந்தது. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' வந்தது. அதற்குத் திரைக்கதை வசனம் எழுதியவர் தெளிவத்தை ஜோசப். சங்கத் தலைவர் ஒருவர் துண்டுப் பிரசுரத்தோடு நிற்காமல் படமே எடுக்கத் துணிந்தார் என்றால், படமாளிகை எத்தகைய கூடுமிடமாக இருந்தது என்று அவர் அறிந்திருந்தார்.

அந்தக் கூடுகையின் நேரத்தைப் பார்ப்போம். தோட்டத்தில் விடியலுக்கு முன் தப்பு மேளம் அடிப்பார்கள். பிரட்டுக் களத்தில் ஆள் நிற்க வேண்டும். பிந்தினால் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, இல்லை; அல்லது அரைப் பேர். நேரம் துரைக்குச் சொந்தம், அது செக்றோல் என்ற பதிவேட்டில் எழுதப்படும். படமாளிகையின் நேரமும் அதைச் சுற்றியே அமைந்தது. பத்தாந் திகதியை ஒட்டிச் சம்பளம் வந்ததும் நல்ல படத்தைப் போட வேண்டும்; மாதக் கடைசியில் கடன்கொப்பி நிறைந்திருக்கும்போது எந்தப் படத்துக்கும் கூட்டம் வராது. தீபாவளி, தைப்பொங்கல் முன்பணம் கிடைத்ததும் நல்ல படம் வேண்டும். காமன் கூத்து நடக்கும் மாசி, பங்குனி இரவுகளில் தோட்டமே திடலில் இருக்கும். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை நீக்கி, சந்திரனின் போயா நாட்களை வார விடுமுறையாக்கி வைத்திருந்தார்கள். விடுமுறை ஒவ்வொரு வாரமும் நகர்ந்துகொண்டே போக, படம் மாறும் நாளும் மெட்னி ஆட்டமும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் நின்றிருக்க வேண்டும்.

இரவு ஆட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்பது தோட்டத்து மக்களுக்குச் சாதாரண விஷயமல்ல. கடைசி பஸ் போய்விட்டால் தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் பல மைல் நடை. பனிமூட்டம், அட்டை, எப்போதாவது சிறுத்தை. காலையில் அதே தப்பு. இடையில் படம் பத்து நிமிடம் நின்றால் அந்தப் பத்து நிமிடமும் யாரோ ஒருவரின் தூக்கத்திலிருந்து கழிந்தது. ஒப்பரேட்டருக்கு இது தெரியும். அவருடைய உறவும் தோட்டங்களில்தானே இருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏழு இலட்சம் அளவிலான மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கு போயிற்று. அதன்பின் அவர்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தாளைக் கேட்டார்கள். டிக்கட் கூண்டில் அதைக் கேட்கவில்லை. நகரசபைக்குக் கேளிக்கை வரி கட்டி, வாங்கிய இருக்கையில் மூன்று மணி நேரம் ஒருவரும் எழுப்பாமல் உட்கார்ந்திருக்கலாம். இதைப் பெரிய விடுதலை என்று நான் பெருக்கிச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் செக்றோலில் ஏறாத நேரம்.

1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாக்கினார்கள். குடும்பம் குடும்பமாக ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். கலரியில் உட்கார்ந்தவர்கள் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய், அங்கே அதே கதாநாயகர்களின் படத்தைப் புதுப் பிரதியில் பார்த்தார்கள். இங்கே 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. இறக்குமதி அதன் கைக்குப் போனது. உள்நாட்டுப் படத்தை வளர்க்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது, சிங்களச் சினிமாவுக்கு அதனால் நன்மையும் விளைந்தது. ஆனால் தமிழ்ப்படத்தை நம்பிய மலைநகரப் படமாளிகைக்குப் புதுப் பெட்டி வருவது அரிதாயிற்று. பழைய பிரதிகள் திரும்பத் திரும்பச் சுற்றின. ஒட்டுமேல் ஒட்டு விழுந்தது. ஒப்பரேட்டரின் பகல் வேலை நீண்டது.

1979இல் இந்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது, 1982இல் ரூபவாஹினி. கரண்ட் இல்லாத லயத்திலும் கார் பற்றரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓடியது. திருவிழாவுக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டார்கள். நடுவில் 1983 ஜூலை இனக்கலவரம். குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டு, அங்கிருந்த படங்களின் மூலப்பிரதிகள் அழிந்தன. நாடெங்கும் படமாளிகைகள் கொளுத்தப்பட்டன. நுவரெலியா நகரம் எரிந்தது. அந்த இரவுகளுக்குப் பிறகு இருட்டியதும் நகரத்துக்குப் போய்வருவதே துணிச்சலாக மாறியது. இரவு ஆட்டத்தை உண்மையில் கொன்றது அந்தப் பயம்தான், டெக் அல்ல என்பது என் கணிப்பு.

பிறகு செனான் விளக்கு கரியை நீக்கியது, வன்தட்டு ஃபிலிமை நீக்கியது. சென்னையில் உருவான கியூப் போன்ற அமைப்புகள் வந்தபின் படம் ஒரு சின்னப் பெட்டிக்குள் வருகிறது. புள்ளி இல்லை, வளைவு இல்லை, ஒட்டு இல்லை. பொத்தானை அழுத்தப் பழகிக்கொண்ட சிலர் தொழிலில் தங்கினார்கள். மற்றவர்கள் கடை வைத்தார்கள், ஓட்டோ ஓட்டினார்கள், கொழும்புக்குப் போனார்கள்.

2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது, காட்டுவழியில் செத்தவர்களையும் கோப்பி, தேயிலைத் தொழிலாளர்களையும் நினைத்தோம். மிகச் சரி. தோட்டத்தை விட்டு நகருக்கு இறங்கி வேறு தொழில் பழகிய பிள்ளைகளின் உழைப்பும் அந்த வரலாற்றுக்குள் வர வேண்டும். சங்கத்தின் பதிவேட்டிலும் சினிமாவின் வரலாற்றிலும் இடம்பெறாமல் இரண்டுக்கும் நடுவே நின்றவர்கள் அவர்கள். கரி எரித்தவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் விரலால் எப்படிக் கிழிசலைக் கண்டார்கள், மழையில் என்ன செய்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்று கேட்டு எழுதிவைக்க நம் பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு இப்போதே நேரம் ஒதுக்கித்தர வேண்டும்.

மூடிவிட்ட படமாளிகைக் கட்டடங்கள் மண்டபமாகவும் களஞ்சியமாகவும் கடைத்தொகுதியாகவும் மாறுகின்றன. அப்படியொன்றுக்குள் போக நேர்ந்தால் பின்சுவரை அண்ணாந்து பாருங்கள். ஓர் இயந்திரத்துக்கு இரண்டு துளைகள், இரண்டு இயந்திரத்துக்கு நான்கு. பெயின்ட் பூசி அடைத்திருந்தாலும் சதுரத்தின் விளிம்பு தெரியும். சோடியில் ஒன்று வெளிச்சம் போவதற்கு. பக்கத்திலே, நின்றிருக்கும் ஆளின் கண் உயரத்தில் இருப்பது, அவர் மூலைப்புள்ளியைப் பார்த்திருப்பதற்கு.